400 சிப்பிகள்: அம்மாவின் சேலைப் போர்வைக்கு லேஸ் ஓரம் போட்ட அனுபவம்

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் அலமாரியைத் திறக்க எனக்குத் தைரியம் வந்தது. பட்டுச் சேலைகளை அக்காவும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். வீட்டில் உடுத்திய நூல் சேலைகள் ஏழு மிச்சம் இருந்தன. துவைத்துத் துவைத்து மல்துணி மாதிரி மெலிந்துபோனவை. அவற்றை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் கேட்டாள்: "பாட்டி சேலையில எனக்கு ஒரு போர்வை தச்சுத் தாம்மா. இங்க ராத்திரி குளிருது."

போர்வை தைத்ததைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆறு இஞ்ச் சதுரங்கள், அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150. நடுவில் அப்பாவின் பழைய இரட்டை வேட்டி. அடியில் ஒரு முழுச் சேலையை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் இணைத்த துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுத் தையல். சாயங்காலம் சாயங்காலமாக நான்கு மாதம் ஆனது. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். என்னைப் படாத பாடு படுத்தியது, அதன் ஓரம்தான். அதனால் ஓரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தலைப்பில் சொன்ன சிப்பி, அந்த ஓர லேஸில் வரிசையாக வரும் விசிறி வடிவப் பின்னல்.

ஓரத்தில் லேஸ் வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டுத் தலையணை உறை, ரேடியோ மேல் விரிக்கும் துணி, தட்டு மூடும் துணி என்று எதை எடுத்தாலும் ஓரத்தில் அம்மா குரோஷா போட்டிருப்பாள். வெறும் ஓரத்தோடு ஒரு துணி எங்கள் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. நாகர்கோவிலில் அது ஒரு வீட்டின் பழக்கம் மட்டும் இல்லை. 1819-இல் இங்கே வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையையும் கூடவே கொண்டுபோனார். அந்தக் காலத்து லேஸ், தலையணை மாதிரி ஒரு திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. குரோஷா வேறு, ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னுவது. இரண்டுக்கும் முறை வேறானாலும் எங்கள் பக்கத்தில் இரண்டையும் "லேஸ்" என்றுதான் சொல்வோம்.

முதலில் சுலபமான வழியைத் தேடினேன். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் லேஸை வாங்கி, ஓரப்பட்டிக்குள் செருகி மெஷினில் ஒரு அடி அடித்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு சாண் அளவுத் துண்டில் அப்படித் தைத்து, துவைத்துக் காயப்போட்டுப் பார்த்தேன். பருத்தித் துணி சுருங்கியது, பாலியஸ்டர் லேஸ் சுருங்கவில்லை. ஓரம் முழுக்கச் சேவல் கொண்டை மாதிரி நெளிந்து நின்றது. நல்ல வேளை, போர்வையில் நேரடியாகத் தைக்கவில்லை. எந்த ஓரமானாலும் முதலில் ஒரு சாண் துண்டில் தைத்து, மூன்று முறை துவைத்துப் பார்த்த பிறகே போர்வையில் கை வைக்க வேண்டும் என்பதை அன்றே பழக்கமாக்கிக்கொண்டேன்.

துணியை முக்கோணமாக மடித்து ஓரத்தில் வரிசையாக வைப்பதையும் முயன்று பார்த்தேன். மூன்று இஞ்ச் சதுரத்தை மூலைவாக்கில் ஒரு முறை, அதையே இன்னொரு முறை மடித்தால் ஒரு முக்கோணம் வரும். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைக் கொஞ்சம் நுழைத்து அடுக்கி, ஓரத்தில் வைத்துத் தைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் என் போர்வையின் சுற்றளவு 300 இஞ்ச். ஒரு முக்கோணம் இரண்டு இஞ்ச் இடத்தை நிரப்பும் என்று வைத்தாலே 150 வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு மடிப்புத் துணி. லேசான சேலைப் போர்வையின் ஓரம் மட்டும் கனத்துத் தொங்கும். அதனால் விட்டுவிட்டேன்.

மடித்த துணி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றித் தைத்துக்கொண்டே உள்ளே போய், நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையான போர்வை இல்லை. அவர்களுக்கு ஓரம்தான் முதல் வேலை. நானோ எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் ஓரத்தைப் பற்றி யோசித்தேன். எனக்கு நேர்ந்த எல்லாத் தொல்லைக்கும் மூலம் அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். போர்வையின் விளிம்பை மூடும் ஓரப்பட்டியை, அம்மாவின் சேலைகளிலேயே மிகப் பழசான ஒன்றிலிருந்து வெட்டினேன். மயில்கழுத்து நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை. அந்த நிறம் சுற்றிலும் ஓட வேண்டும் என்ற ஆசை. பட்டி மடிந்து அழகாக உட்கார்ந்தது. ஆனால் லேஸுக்கு அடித்தளமாக அதன் மேல் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போட ஆரம்பித்ததும், ஒவ்வொரு கண்ணியை இழுக்கும்போதும் துணி இழை விலகியது. ஒரு முழம் போவதற்குள் மூன்று இடத்தில் கிழிந்தது. மடியில் விரித்திருந்தாலும் பாதிப் போர்வை தரையில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கனமும் சேர்ந்து இழுத்தது. கிழிசலைப் பார்த்தபோது அம்மாவையே காயப்படுத்திவிட்டது போல இருந்தது. அன்று எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

லேஸின் மொத்தக் கனத்தையும் இழுப்பையும் தாங்குவது ஓரப்பட்டிதான். பழைய துணி சதுரங்களில் இருக்கலாம். அங்கே சுற்றிலும் ஓட்டுத் தையல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டி மட்டும் புதுத் துணியாக, நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். மயில்கழுத்துப் பட்டியைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே சாயலில் புதுப் பருத்தி பாப்ளின் வாங்கினேன். இரண்டு முறை துவைத்துச் சுருக்கிய பிறகு இரண்டரை இஞ்ச் அகலத்தில் வெட்டினேன். நீளம் 315 இஞ்ச். சுற்றளவு போக மூலைக்கும் இணைப்புக்கும் 15 இஞ்ச் கூடுதல்.

ரவிக்கைக் கழுத்துக்குப் பழகிய கை, ஓரப்பட்டி என்றாலே கிராஸ் பீஸாக, அதாவது துணியின் மூலைவாக்கில், வெட்டத்தான் போகும். வளைந்த ஓரத்துக்கு அது சரி. நேரான ஓரத்தில் லேஸ் பின்னப் போகிறீர்கள் என்றால் துணியின் பாவு நூல் போகும் திசையிலேயே நீளமாக வெட்டுங்கள். கிராஸ் துணி இழுத்தால் நீளும், லேஸ் பின்னும்போது நாம் இழுத்துக்கொண்டேதான் இருப்போம். நேர்த் துணி அசையாது. பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, முன்பக்கத்தில் கால் இஞ்ச் உள்ளே மெஷினில் அடித்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்தேன். மூலை வரும்போது விளிம்புக்குக் கால் இஞ்ச் முன்னாலேயே தையலை நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாக மடித்து, பிறகு நேராகக் கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். இந்த மடிப்பு ஒழுங்காக வந்தால்தான் பிறகு மூலைச் சிப்பி நிமிர்ந்து நிற்கும்.

சரி, பட்டி ஆயிற்று. அடுத்து நேராகக் குரோஷா ஊசியாலேயே பட்டியைக் குத்திப் பின்னலாம் என்று இணையத்தில் ஒரு வீடியோவில் பார்த்தேன். மெல்லிய கைக்குட்டைக்கு அது நடக்கும். இங்கே பட்டி மட்டுமே நாலு மடிப்பு, அதன் உள்ளே மூன்று அடுக்குப் போர்வை. பத்து குத்தில் விரல் வீங்கியது, பட்டியில் ஓட்டைகள் விழுந்தன.

எங்கள் தெரு முனையில் ஒரு ஆச்சி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். சிறுமியாக இருந்தபோது திண்டு லேஸ் கற்றவர், கல்யாணத்துக்குப் பிறகு குரோஷாவில் வீட்டுச் செலவைப் பார்த்தவர். போர்வையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தை விரலால் நெடுகத் தடவிப் பார்த்தார். "ஊசிய எடுக்கதுக்கு முன்னால எண்ணுனியா மக்ளே?" என்று கேட்டார். எதை எண்ண வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை.

அவர் தரையில் பாயை விரித்து, போர்வையை அதில் பரப்பச் சொன்னார். டேப்பை வைத்து நான்கு பக்கமும் அளந்தோம். நான் 60-க்கு 90 என்று நினைத்திருந்த போர்வை, ஓட்டுத் தையலில் சுருங்கி, ஒரு பக்கம் 58½, எதிர்ப் பக்கம் 59¼ என்று நின்றது. நீளவாக்கிலும் அரை இஞ்ச் வித்தியாசம். கையால் தைத்தது அப்படித்தான் இருக்கும். "இஞ்ச விட்டுரு. கண்ணியப் பிடி" என்றார் ஆச்சி. அதாவது, எதிரெதிர்ப் பக்கங்களில் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி ஒரு நூல் கூடலாம், குறையலாம், கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக்கை மாறினால் மட்டும் கடைசியில் பாதிச் சிப்பியோடு மூலையில் போய் முட்டி நிற்போம்.

கணக்கு இப்படி வந்தது. 60-க்கு 90 என்றே வைத்து, கால் இஞ்சுக்கு ஒரு கண்ணி என்றால் அகலப் பக்கத்தில் 240, நீளப் பக்கத்தில் 360. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு குட்டைப் பின்னல் (குரோஷாவில் உயரம் குறைந்த பின்னல்) போட்டால் 480, 720. ஒரு சிப்பிக்கு ஆறு குட்டைப் பின்னல் இடம் வேண்டும். 480-ஐ ஆறால் வகுத்தால் 80, 720-ஐ வகுத்தால் 120. இரண்டும் மிச்சமில்லாமல் வகுபடுகின்றன. நான்கு பக்கமும் சேர்த்து 400 சிப்பிகள். உங்கள் போர்வை வேறு அளவில் இருந்தால் இந்த எண்கள் மாறும். ஆனால் முதலில் சிப்பிக்கு எத்தனை என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கண்ணிகளின் எண்ணிக்கைக்கு வர வேண்டும் என்பது மாறாது.

எண்ணிக்கையைத் துணியில் பிரித்துக்கொள்ள ஆச்சி காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து நடுவில் ஒரு குண்டூசி. மறுபடி மடித்துக் கால் பாகங்களில் குண்டூசி. அகலப் பக்கம் என்றால் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் 60 கண்ணி. 60-க்குள் தவறு நேர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும், 240 வரை காத்திருக்க வேண்டாம். கால் இஞ்ச் இடைவெளிக்கு ஒரு பழைய விசிட்டிங் கார்டின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, அதைப் பட்டியின் மேல் வைத்துச் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். ஆச்சிக்கு அதுவும் தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தின் பாதி அகலத்தை வைத்தே தைத்துக்கொண்டு போனார்.

கம்பளித் தையலைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்டிருப்போம். ஊசியைப் பட்டியில் குத்தி விளிம்புக்கு வெளியே எடுக்கும்போது நூல் ஊசிக்கு அடியில் இருக்க வேண்டும். இழுத்தால் விளிம்பின் மேல் ஒரு கண்ணி படுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஆழம். மெஷின் தையல் கோட்டைத் தாண்டாமல், அதற்குச் சற்று வெளியே குத்த வேண்டும். தாண்டினால் போர்வையும் சேர்ந்து இழுபட்டு ஓரம் சுருக்கம் விழும். கண்ணியை இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. குரோஷா ஊசியின் மூக்கு நுழைந்து வெளியே வரும் அளவு போதும். மூலை முனையில் மட்டும் ஒரே துளையில் மூன்று தையல், விசிறி மாதிரி. அந்த நடுக் கண்ணி மூலைச் சிப்பிக்கு. மூலைகள் போக மொத்தம் 1200 கண்ணி போட எனக்கு ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம்போல ஆனது. போர்வை தரையில் தொங்காமல் இருக்கச் சாப்பாட்டு மேசை முழுவதையும் காலி செய்து அதன் மேல் பரப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நூல் விஷயத்தில் நான் பட்ட அடி பெரியது. அம்மாவின் சேலைகளில் ஒன்றில் அரக்குப் புள்ளிகள் உண்டு. அதற்குப் பொருத்தமாக அரக்குச் சிவப்பு நூல் வாங்கினேன். சாண் துண்டில் பின்னித் துவைத்தபோது பக்கத்து வெள்ளைச் சதுரம் ரோஸாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொன்னார்கள். இரவு முழுக்க ஊறவைத்தேன், நிற்கவில்லை. அப்புறம்தான் இதற்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டேன். ஒரு சாண் நூலை நனைத்து, மடித்த வெள்ளைத் துணிக்குள் வைத்து, மேலே சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளைத் துணியில் ஒரு கோடு விழுந்தாலும் அந்த நூல் வேண்டாம். கடைசியில் சந்தன நிற நூலை எடுத்தேன். அம்மா எப்போதும் வெள்ளை, சந்தனம் இரண்டைத் தவிர வேறு நிறத்தில் லேஸ் போட்டதில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

10-ஆம் நம்பர் பருத்தி நூல், 1.25 மில்லிமீட்டர் குரோஷா ஊசி. எவ்வளவு நூல் ஆகும் என்று யாரையும் கேட்க வேண்டாம். பத்து சிப்பி பின்னி, பிரித்து, அந்த நூலை அளந்தால் போதும். எனக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அதை 40-ஆல் பெருக்கினேன். அடி வரிசைக்கும் கம்பளித் தையலுக்கும் அதே மாதிரி கணக்குப் போட்டு, மொத்தத்தில் கால் பங்கு கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே லாட் நம்பர் பார்த்து வாங்கினேன். சந்தன நிறத்தில் லாட் மாறினால் வெயிலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பின்னலின் பெயர்களிலும் ஒரு சிக்கல் வந்தது. நான் குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல் என்று எழுதிக்கொண்டு வருவது அதனால்தான். அம்மா வைத்திருந்த பழைய கையேட்டில் குட்டைப் பின்னலுக்கு "டபுள்" என்று பெயர். அது பிரிட்டிஷ் வழக்கம். இணையத்தில் நான் பார்த்த அமெரிக்க வீடியோவில் அதே குட்டைப் பின்னல் "சிங்கிள்", அதைவிட ஒரு படி உயரமானதுதான் "டபுள்". வீடியோக்காரர் ஐந்து டபுள் போடச் சொல்ல, நான் அம்மாவின் டபுளை ஐந்து போட்டேன். சிப்பிக்குப் பதிலாக மிளகு மிளகாக முடிச்சு வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க ஊசியில் கோளாறா, நூலில் கோளாறா என்று தேடினேன். உங்கள் வீட்டிலும் பழைய கையேடு இருந்தால், பெயரைப் பார்க்காமல் படத்தைப் பாருங்கள். ஊசியில் நூலைச் சுற்றாமல் உள்ளே விட்டு எடுத்தால் குட்டை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நுழைத்தால் நெட்டை.

முதல் சுற்று முழுவதும் குட்டைதான், கண்ணிக்கு இரண்டு. இரண்டாம் சுற்றில் சிப்பி. இரண்டு குட்டையைத் தாண்டி, மூன்றாவதில் ஐந்து நெட்டை, பிறகு இரண்டைத் தாண்டி, அடுத்ததில் ஒரு குட்டை. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் குட்டை, சிப்பியைக் கீழே இழுத்துக் கட்டுகிறது. ஐந்து நெட்டையும் விசிறியாக விரிகின்றன. எனக்கு ஒரு சிப்பிக்கு ஒரு நிமிடம்போல ஆனது. நூறாவது சிப்பிக்குப் பிறகு கை தானாக ஓடும். ஆனால் கை தானாக ஓடும்போதுதான் இறுக்கம் மாறும். காலையில் போட்டதும் ராத்திரி களைப்பில் போட்டதும் ஒன்றாக இருக்காது. 20 சிப்பிக்கு ஒரு முறை தரையில் பரப்பிப் பார்த்தேன். ஓரம் அலை அலையாக எழும்பினால் பின்னல் அதிகம், அல்லது தளர்வு. உள்பக்கமாகக் கிண்ணம் மாதிரி மடங்கினால் பின்னல் குறைவு, அல்லது இறுக்கம். தெரிந்த உடனே பிரித்துவிட வேண்டும். "துவைச்சா படிஞ்சிரும்" என்று மனதுக்குச் சமாதானம் சொல்லி நான் விட்ட 30 சிப்பிகள் துவைத்த பிறகும் படியவில்லை. அதற்கடுத்துப் பின்னியதையும் சேர்த்து 70 சிப்பிகளைப் பிரித்தேன்.

மூலையில் ஐந்து நெட்டை போதாது. ஐந்து போட்டால் மூலை சுருண்டு உள்ளே திரும்பிக்கொள்ளும். ஆச்சி ஒன்பது போடச் சொன்னார். அகலமாக விரிந்து, இரண்டு பக்கத்துச் சிப்பியையும் தோளோடு தோள் தொட்டுக்கொண்டு நின்றது. மூலைக்கு வரும் முன் கடைசி ஐந்தாறு சிப்பியில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பின்னல் கூடக் குறைய இருந்தால், ஓரிடத்தில் இரண்டுக்குப் பதில் மூன்றைத் தாண்டியோ, ஒன்றை மட்டும் தாண்டியோ சரிக்கட்டலாம். அதை ஒரே சிப்பியில் கொட்டாமல் இரண்டு மூன்று சிப்பிக்குப் பிரித்துக்கொடுத்தால் யாருக்கும் தெரியாது.

தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கட்டும், மூலையில் வேண்டாம். கால் பட்டும் கை பட்டும் மூலைதான் முதலில் நைந்துபோகும். நூல் முனையில் முடிச்சுப் போட்டு வெட்டிவிடாதீர்கள். நாலு இஞ்ச் விட்டு வெட்டி, ஊசியில் கோத்து, ஓரப்பட்டியின் மடிப்புக்குள் இரண்டு இஞ்ச் ஓட்டி, திரும்பி எதிர்த் திசையில் ஒரு இஞ்ச் ஓட்டி வெட்டுங்கள். முடிச்சு என்றைக்காவது அவிழும். இப்படி ஓட்டிய நூல் துவைக்கத் துவைக்க இறுகத்தான் செய்யும்.

இதற்கு நடுவில் மழைக்காலம் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் எளிதில் போகாது. ஒரு திருமண வேலையாக இரண்டு வாரம் போர்வையைக் குண்டூசிகளோடு மடித்து வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தபோது குண்டூசி இருந்த இடமெல்லாம் துருப் புள்ளி. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துக் கழுவி, இரண்டு மூன்று முறை அப்படிச் செய்ததில் பெரும்பாலும் போய்விட்டது. அம்மாவின் நீலச் சேலைச் சதுரம் ஒன்றில் மட்டும் எலுமிச்சை பட்ட இடம் கொஞ்சம் வெளுத்தது. இப்போதெல்லாம் கால் பாகக் குறிக்குக் குண்டூசிக்குப் பதில் நிற நூலில் ஒரு தளர்ந்த முடிச்சுதான் போடுகிறேன்.

கடைசி மூலையை முடித்த அன்று மழை இல்லை. வாளியில் சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசினேன், பிழியவில்லை. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, மொட்டை மாடியில் பாய் மேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன் மேல் பரப்பினேன். கொடியில் போட்டால் தண்ணீர்க் கனத்தில் லேஸ் நீண்டுவிடும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு சிப்பியையும் விரலால் இழுத்து விரித்துவிட வேண்டும். 400-ஐயும் விரித்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் ஏற ஏற அவை அப்படியே விறைத்துப் படிந்தன. கஞ்சி போட்டால் இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் அலமாரியில் மடித்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போட்டால் பூச்சி தேடி வரும். அம்மா பண்டிகைக்கு விரிக்கும் துணிகளுக்கு மட்டும் அரிசிக் கஞ்சி போட்டு, பண்டிகை முடிந்ததும் அலசித்தான் உள்ளே வைப்பாள்.

கைக்குழந்தைக்குப் போர்வை தைப்பவர்கள் இந்தச் சிப்பி ஓரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிஞ்சு விரல் பின்னல் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும், சுற்றிக்கொண்டால் அழத்தான் தெரியும், சொல்லத் தெரியாது. என் அக்கா பேரனுக்குத் தைத்ததில் ஓரப்பட்டிக்குள் வேறு நிறத் துணியில் ஒரு மெல்லிய பைப்பிங் மட்டும் வைத்தேன். தொங்குவது எதுவும் இல்லை, ஒரு கோடு மட்டும் தெரியும். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

ஆச்சியிடம் காட்டப் போர்வையைக் கொண்டுபோனபோது, அவர் விரிக்கக்கூடச் சொல்லவில்லை. மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு, ஜெபமாலை உருட்டுவது மாதிரி ஒவ்வொரு சிப்பியாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கன தூக்கம் வந்துட்டு, இல்லியா?" என்றார். பார்த்தால் அந்தச் சிப்பியில் நாலு நெட்டைதான் இருந்தது. அங்கேயே அவருடைய ஊசியை வாங்கி, ஐந்தாவதைச் சேர்க்க வழி கேட்டுச் சேர்த்தேன்.

மகள் கொண்டுபோகும்போது கூடவே ஒரு சின்னத் துணிப்பை தைத்துக் கொடுத்தேன், கிழிந்த மயில்கழுத்துப் பட்டியிலிருந்து. உள்ளே மிச்ச நூல் உருண்டை, ஒரு 1.25 ஊசி, வெட்டுப் போட்ட அந்த விசிட்டிங் கார்டு. கார்டின் பின்பக்கம் "இரண்டு தாண்டி ஐந்து நெட்டை, இரண்டு தாண்டி ஒரு குட்டை, மூலையில் ஒன்பது" என்று எழுதினேன். அவளுக்குப் பின்னத் தெரியாது. ஊருக்கு வந்த இரண்டு நாளில் பத்து சிப்பி மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். கட்டில் ஆணியில் மாட்டி இரண்டு சிப்பி அறுந்திருந்தன. நான் போனை எடுத்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்தது. அறுந்த இடத்தில் இரண்டு புதுச் சிப்பிகள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஐந்து இருந்தது.